வானொலி வாசலில் சிறு லேபிள்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பெரிய இசை நிறுவனங்களைச் சாராமல் இயங்கும் இசைத்தட்டு லேபிள்களை, அதாவது தட்டு வெளியிடும் நிறுவனங்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அந்த லேபிள்களின் கலைஞர்கள் பத்திரிகைகளிலும் வானொலியிலும் எவ்வாறு இடம் பெற்றார்கள் என்று கேட்டு வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். ஒன்றுபோல் இருந்த கடிதங்களைச் சேர்த்து, எட்டுக் கேள்விகளாக்கிப் பதில் தந்திருக்கிறோம். இந்த வரலாறு பெரும்பாலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நடந்தது என்பதால் எடுத்துக்காட்டுகளும் அங்கிருந்தே வருகின்றன.

கேள்வி: சுயாதீன லேபிள் என்று எதைச் சொல்கிறார்கள்? சிறிய நிறுவனமாக இருந்தால் போதுமா?
வாசகர், கும்பகோணம்.

பதில்: போதாது. பெரிய நிறுவனங்களின் உடைமையாகவோ அவற்றின் கிளையாகவோ இல்லாத லேபிள் என்பதே பொதுவான பொருள். ஆனால் இங்கிலாந்தில் 1980 ஜனவரியில் சுயாதீன இசைத்தட்டுகளுக்கென்று தனி விற்பனைப் பட்டியல் தொடங்கப்பட்டபோது வேறொரு அளவுகோலை வைத்தார்கள். தட்டைக் கடைகளுக்குக் கொண்டுசேர்க்கும் விநியோகஸ்தர் பெரிய நிறுவனங்களைச் சாராதவராக இருக்க வேண்டும் என்பதே அது. அந்த அளவுகோலின்படி, விற்பனையைப் பெரிய நிறுவனத்திடம் ஒப்படைத்த சிறு லேபிள் பட்டியலுக்கு வெளியே நின்றது. 1980-களின் இறுதியில் கைலி மினோக் பாடிய பளபளப்பான நடனப் பாடல்களோ, அவரது லேபிள் சுயாதீன விநியோகஸ்தர் வழியாகச் சென்றதால், அதே பட்டியலில் முதலிடம் பிடித்தன. கிட்டார் இசைக் குழுக்களின் ரசிகர்கள் எவ்வளவு முணுமுணுத்தாலும் விதி விதிதான்.

இந்தப் பட்டியலைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. அதுவரை ஐயாயிரம் தட்டு விற்ற குழு தேசியப் பட்டியலில் கண்ணுக்கே தெரியாது. தனிப் பட்டியல் வந்த பிறகு பத்திரிகையாளரிடமும் வானொலித் தயாரிப்பாளரிடமும் காட்டுவதற்கு ஓர் எண் கிடைத்தது.

கேள்வி: எதைப் படித்தாலும் ஜான் பீல் என்ற ஒரே அறிவிப்பாளரின் பெயரே வருகிறது. ஒரு தனி மனிதரால் அவ்வளவு செய்ய முடியுமா, அல்லது இறந்தவரைப் பற்றிய புகழுரைதானா?
வாசகர், திருச்சிராப்பள்ளி.

பதில்: புகழுரையும் உண்டு, உண்மையும் உண்டு. பிபிசியின் ரேடியோ 1 தொடங்கப்பட்ட 1967 முதல், 2004 அக்டோபரில் பெரு நாட்டின் குஸ்கோ நகரில் இறக்கும் வரை அவர் அந்த நிலையத்தில் பணியாற்றினார். அவருடைய ரசனையை எல்லோரும் பேசுகிறார்கள். அவர் அமர்ந்திருந்த இருக்கையைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. பகல் நேரத்தில் ஒலிக்கும் பாடல்களை ஒரு குழு கூடித் தீர்மானித்தது. இரவு நிகழ்ச்சியிலோ எதை ஒலிக்கச் செய்வது என்பது பீலின் விருப்பம். விளம்பரதாரருக்கு அஞ்ச வேண்டியதில்லை, ஏனெனில் பிபிசி மக்கள் செலுத்தும் உரிமக் கட்டணத்தில் இயங்குவது. அந்தச் சுதந்திரம் இல்லாத ஒருவர் எவ்வளவு நல்ல செவி படைத்திருந்தாலும் பயனில்லை.

இன்னொரு காரணமும் இருந்தது. அது தொழிற்சங்க வரலாற்றின் ஒரு மூலையில் கிடப்பது. கடையில் விற்கும் இசைத்தட்டுகளை வானொலியில் ஒலிக்கவிட்டால் வாத்தியக்காரர்களின் வேலை போய்விடும் என்று இசைக்கலைஞர் சங்கமும், விற்பனை குறையும் என்று தட்டு நிறுவனங்களும் கவலைப்பட்டதால், பிபிசி ஒரு நாளில் இவ்வளவு நேரம்தான் தட்டுகளை ஒலிக்கச் செய்யலாம் என்ற வரம்பு பல பத்தாண்டுகள் நடைமுறையில் இருந்தது. மிச்ச நேரத்தை நிரப்பக் குழுக்களை நிலையத்துக்கே அழைத்துப் பாடச் செய்து பதிவு செய்ய வேண்டியிருந்தது. லண்டனின் மைடா வேல் ஒலிப்பதிவுக் கூடத்தில் பெரும்பாலும் ஒரே நாளில் நான்கு பாடல்கள் என்ற கணக்கில் பதிவான பீலின் அமர்வுகள் நாலாயிரத்தைத் தாண்டின. தட்டே வெளியிடாத குழுவும், லேபிளே இல்லாத குழுவும் அதில் பாடலாம், அதற்குச் சம்பளமும் உண்டு. கலைஞர்களைக் காக்க வந்த கட்டுப்பாடு, யாரும் திட்டமிடாமலேயே புதியவர்களுக்கு வாசலைத் திறந்துவிட்டது.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு 1978-இல் நடந்தது. வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில், வெடிகுண்டுகளுக்கும் இராணுவச் சோதனைகளுக்கும் நடுவே, டெர்ரி ஹூலி என்பவர் குட் வைப்ரேஷன்ஸ் என்ற தட்டுக்கடையையும் அதே பெயரில் ஒரு லேபிளையும் நடத்திவந்தார். வட அயர்லாந்தின் மற்றொரு நகரான டெர்ரியைச் சேர்ந்த இளைஞர்களின் அண்டர்டோன்ஸ் குழுவுக்கு நான்கு பாடல்கள் கொண்ட ஒரு தட்டை வெளியிட்டார். அதை எடுத்துக்கொண்டு லண்டனில் பெரிய நிறுவனங்களின் படியேறினார், ஒருவரும் மதிக்கவில்லை. ஒரு பிரதியைப் பீலுக்குச் சேர்ப்பித்துவிட்டு ஊர் திரும்பினார். பீல் அதன் முதல் பாடலை ஒலிபரப்பி, முடிந்தவுடன் மறுபடியும் அதையே ஒலிபரப்பினார். அப்போது லண்டனில் இருந்த அமெரிக்க சைர் நிறுவனத்தின் தலைவர் சீமோர் ஸ்டைன் காரில் போய்க்கொண்டே அதைக் கேட்டு, குழுவைத் தம் நிறுவனத்துக்கு ஒப்பந்தம் செய்தார். சைர் மறுபடி வெளியிட்டபோது தட்டு பிரிட்டிஷ் பட்டியலில் 31-ஆம் இடம் வரை ஏறியது.

மேலோட்டமாகப் பார்த்தால் இது சிறு லேபிளின் வெற்றிக்கதை. ஆனால் குழு பெரிய நிறுவனத்துக்குப் போய்விட்டது என்பதைக் கவனியுங்கள். வானொலி ஒரே இரவில் உண்டாக்கும் தேவையைச் சமாளிக்கும் அளவுக்குத் தட்டு அச்சிடவும் நாடெங்கும் அனுப்பவும் பெல்ஃபாஸ்டுக் கடைக்காரர் ஒருவரால் முடியாது. இதே சிக்கல் 1954 ஜூலையில் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரிலும் ஏற்பட்டது. சன் லேபிளின் சாம் பிலிப்ஸ், எல்விஸ் பிரெஸ்லி என்ற பத்தொன்பது வயதுப் பையனின் பதிவை டூயி பிலிப்ஸ் என்ற உள்ளூர் அறிவிப்பாளரிடம் கொடுத்தார். இருவரும் உறவினர் அல்லர், பெயர்தான் ஒன்று. டூயி அன்றிரவே அதைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட, தொலைபேசி அழைப்புகள் குவிந்தன. அந்த நேரத்தில் விற்பதற்கு ஒரு தட்டுகூட இல்லை. ஜூலை 19-ஆம் தேதிதான் வெளிவந்தது. அடுத்த ஆண்டின் இறுதியில் சாம் அந்த ஒப்பந்தத்தை ஆர்சிஏ நிறுவனத்துக்கு 35,000 டாலருக்கு விற்றார். அவரைக் குறை சொல்பவர்கள், ஒரு பாடல் ஓட ஓட அச்சகத்துக்கு முன்பணம் கட்டவேண்டிய சிறு முதலாளியின் நிலையை எண்ணிப் பார்ப்பதில்லை.

கேள்வி: ஒரு தட்டு வெளியாகும்போது பத்திரிகைக்கும் வானொலிக்கும் எப்போது, யார் மூலம் அனுப்புவார்கள்? நடைமுறையை விளக்கமாகச் சொல்ல முடியுமா?
வாசகி, மதுரை.

பதில்: பெரிய நிறுவனங்களில் இரண்டுக்கும் தனித்தனி ஆட்கள். பத்திரிகைகளைக் கவனிப்பவர் பத்திரிகைத் தொடர்பாளர். வானொலி நிலையங்களுக்கு நேரில் போய்த் தயாரிப்பாளர்களிடம் பாடலைக் கேட்கச் செய்பவரை இங்கிலாந்தில் 'பிளக்கர்' என்பார்கள். சிறு லேபிளில் இருவர் வேலையையும் ஒருவரே பார்ப்பார். பெரும்பாலும் உறை ஒட்டுவதும் அவர்தான். கொஞ்சம் பணம் சேர்ந்தவுடன் வெளியிலிருந்து ஒரு பிளக்கரைச் சில மாதங்களுக்கு அமர்த்துவது வழக்கம்.

காலக்கணக்கு பத்திரிகையைப் பொறுத்தது. மாத இதழ்கள் ஏறக்குறைய மூன்று மாதங்களுக்கு முன்பே விமர்சனப் பிரதியை எதிர்பார்க்கும், ஏனெனில் அவற்றின் பக்கங்கள் அச்சுக்குப் போவது அவ்வளவு முன்னதாக. வார இதழ்களுக்குச் சில வாரங்கள் போதும். வானொலிக்கு வெளியீட்டுக்கு ஆறிலிருந்து எட்டு வாரம் முன்பு அனுப்புவார்கள். தட்டுடன் ஒரே பக்கத்தில் விவரக்குறிப்பு இருக்கும்: கலைஞர் யார், எந்த ஊர், தட்டு எந்த நாளில் வெளியாகிறது, யார் விநியோகம் செய்கிறார், எந்தப் பாடலை முதலில் கேட்க வேண்டும். இந்தக் கடைசி வரியைப் பலர் எழுதுவதில்லை. பன்னிரண்டு பாடல்களை அனுப்பிவிட்டு எல்லாமே நல்ல பாடல்கள் என்று எழுதினால், வாரத்துக்கு நூற்றுக்கணக்கில் உறைகளைப் பிரிக்கும் தயாரிப்பாளர் முதல் பாடலின் முதல் முப்பது நொடியைக் கேட்டுவிட்டு அடுத்த உறைக்குப் போவார். அவர்மீது எனக்குக் கோபம் வருவதில்லை. அந்த மேசையில் யார் உட்கார்ந்தாலும் அதைத்தான் செய்வார்கள்.

விமர்சனம் வரும் வாரம், வானொலியில் ஒலிக்கும் வாரம், தட்டு கடைக்கு வரும் வாரம் ஆகிய மூன்றும் ஒன்றாகச் சேர வேண்டும். முகூர்த்தத்துக்கு மாப்பிள்ளை வந்து தாலி வராத கதையாக, விமர்சனம் வந்து தட்டு வராமல் போனால் அந்தக் கவனம் மறு மாதம் திரும்பி வராது. இந்த இடத்தில்தான் விநியோகம் முக்கியமாகிறது. 1977 ஜனவரியில் மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழு நண்பர்களிடமும் குடும்பத்தாரிடமும் கடனாக வாங்கிய ஏறக்குறைய 500 பவுண்டைக் கொண்டு, தங்கள் சொந்த லேபிளில் முதல் தட்டை ஆயிரம் பிரதி அச்சிட்டது. அது விரைவில் தீர்ந்து, ஏறக்குறைய 16,000 வரை விற்றது. அப்போது அதைக் கொண்டுசேர்த்தவை அஞ்சல் வழி விற்பனையும், லண்டனின் ரஃப் டிரேட் போன்ற ஒரு சில கடைகளும்தான். பின்னர் லண்டன், பிரிஸ்டல், யார்க், லிவர்பூல், நாரிட்ஜ், எடின்பரோ முதலிய ஊர்களின் கடைக்காரர்கள் ஒன்றுகூடி, 'கார்ட்டெல்' என்ற பெயரில் ஒரு விநியோக வலையை அமைத்தார்கள். பீல் இரவில் ஒலிபரப்பிய தட்டு மறுநாள் யார்க்கில் கிடைக்கும் என்ற நிலை அதனால்தான் வந்தது. 1991-இல் ரஃப் டிரேடின் விநியோக நிறுவனம் நொடித்துப்போனபோது, பல சிறு லேபிள்களுக்கு விற்ற தட்டுக்கான பணமே வரவில்லை. பத்திரிகை, வானொலி இரண்டிலும் அவற்றின் கலைஞர்கள் அப்போது நன்றாகவே பேசப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

கேள்வி: காசு கொடுக்காமல் எந்த வானொலியிலும் பாட்டு வராது என்கிறார் என் நண்பர். சிறு லேபிள்கள் நுழைய முடியாததற்கு இந்தக் கையூட்டுத்தானே காரணம்?
வாசகர், சேலம்.

பதில்: உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரி. ஆனால் கையூட்டு எப்போதும் சிறியவர்களுக்கு எதிராகவே வேலை செய்தது என்பது சரியல்ல. தொடக்கத்தில் நிலைமை நேர் எதிராக இருந்தது.

அமெரிக்காவில் இதற்குப் 'பேயோலா' என்று பெயர். 1950-களில் கறுப்பினக் கலைஞர்களின் இசையையும் ராக் அண்ட் ரோலையும் வெளியிட்டவை பெரும்பாலும் சிகாகோவின் செஸ் போன்ற சுயாதீன லேபிள்கள். பெரிய நிறுவனங்களுக்கு நாடெங்கும் கிளைகளும், நிலையங்களில் பழக்கமும் இருந்தன. அவை இல்லாத சிறியவர்கள் அறிவிப்பாளருக்கு நேரடியாகப் பணமோ பங்கோ கொடுத்து நுழைந்தார்கள். செஸ் வெளியிட்ட சக் பெர்ரியின் முதல் தட்டில், பாடல் எழுதியவர்களில் ஒருவராக அறிவிப்பாளர் ஆலன் ஃபிரீட் பெயரும் அச்சிடப்பட்டிருந்தது. அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. பாடல் ஒலிக்க ஒலிக்க அவருக்கும் பங்கு சேரும் என்பதே ஏற்பாடு. தம் பாடலை முழுமையாகத் திரும்பப் பெற பெர்ரிக்கு 1986 வரை ஆயிற்று.

1960-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு இதை விசாரித்தது. ஃபிரீட் வேலையை இழந்தார். 1962-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 300 டாலர் அபராதம் கட்டினார். 1965-இல் 43 வயதில் இறந்தார். அதன் பின் வந்த சட்டம், பணம் வாங்கிக்கொண்டு பாடல் ஒலிபரப்புவதையே தடை செய்துவிடவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வாங்கியதை நேயர்களுக்கு அறிவிக்காமல் மறைப்பதே குற்றம். பொருளியலறிஞர் ரொனால்டு கோஸ் 1979-இல் இந்த வரலாற்றை ஆராய்ந்து எழுதியபோது, பேயோலாவை எதிர்த்துக் குரல் எழுப்பியவர்களுள் போட்டியைக் கட்டுப்படுத்த விரும்பிய பழைய வணிகர்களும் இருந்ததைச் சுட்டிக்காட்டினார். அவருடைய முடிவுகளை முழுதும் ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு, ஏனெனில் கலைஞனின் பங்கைப் பறித்து அறிவிப்பாளருக்குக் கொடுப்பதைப் போட்டி என்று சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் அந்தச் செய்தி உண்மை.

பிறகு கதை மாறியது. விலை ஏறிக்கொண்டே போனால் யாரிடம் பணம் இருக்கிறதோ அவர்தானே வெல்வார்? 1980-களில் பெரிய நிறுவனங்கள், நிலையங்களுக்கும் தமக்கும் இடையே தரகர்களை வைத்து ஆண்டுதோறும் கோடிக்கணக்கான டாலர் செலவிட்டன. அந்தத் தரகர்களுக்கு வழங்கிய பெயர் சுயாதீன விளம்பரதாரர்கள். சுயாதீன லேபிள்களை வெளியே நிறுத்தியவர்களுக்கு இப்படியொரு பெயர் வாய்த்ததை விதியின் கேலி என்றுதான் சொல்ல வேண்டும். 1996-இல் அமெரிக்கத் தொலைத்தொடர்புச் சட்டம், ஒரு நிறுவனம் நாடு முழுவதும் வைத்திருக்கக்கூடிய வானொலி நிலையங்களின் உச்சவரம்பை நீக்கியது. அதற்கு முன் நாற்பது அளவில் இருந்த வரம்பு போய், சில ஆண்டுகளில் கிளியர் சேனல் என்ற ஒரே நிறுவனத்திடம் 1,200-க்கு மேற்பட்ட நிலையங்கள் சேர்ந்தன. நூறு ஊர்களில் நூறு அறிவிப்பாளர்களைச் சந்தித்தால் ஒருவராவது இரங்குவார். ஒரே அலுவலகத்தில் பட்டியல் தயாராகும்போது சிறு லேபிள் எந்தக் கதவைத் தட்டும்?

2005-இல் நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் எலியட் ஸ்பிட்சர் நடத்திய விசாரணையில் சோனி பிஎம்ஜி ஒரு கோடி டாலர் கட்டிச் சமரசம் செய்துகொண்டது. மற்றப் பெரிய நிறுவனங்களும் தொடர்ந்தன. 2007-இல் கிளியர் சேனல், சிபிஎஸ் ரேடியோ, என்டர்காம், சிட்டடெல் ஆகிய நான்கு வானொலி நிறுவனங்கள் அரசுக்கு ஒன்றேகால் கோடி டாலர் கட்டியதோடு, சுயாதீன லேபிள்களின் கலைஞர்களுக்கும் உள்ளூர்க் கலைஞர்களுக்கும் 8,400 அரைமணி நேர ஒலிபரப்பை ஒதுக்கவும் உடன்பட்டன. கேட்கப் பெரிய எண். வகுத்துப் பாருங்கள்: மொத்தம் 4,200 மணி நேரம், அதைத் தாங்குபவை ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்கள். நிலையம் ஒன்றுக்கு நான்கு மணி நேரம்கூடத் தேறாது.

கேள்வி: சியாட்டில் நகரத்து சப் பாப் லேபிள், லண்டன் பத்திரிகையாளர் ஒருவருக்கு விமானச் செலவு கொடுத்து அழைத்து எழுதச் செய்தது என்று படித்தேன். அதுவும் கையூட்டுத்தானே?
வாசகி, புதுச்சேரி.

பதில்: நல்ல கேள்வி. 1989-இன் தொடக்கத்தில் நடந்தது அது. சப் பாபின் உரிமையாளர்கள் புரூஸ் பேவிட்டும் ஜொனதன் போன்மனும் கையில் காசில்லாத நிலையில், 'மெலடி மேக்கர்' வார இதழின் எவரெட் ட்ரூவைச் சியாட்டிலுக்கு வரவழைத்தார்கள். மார்ச் மாதம் அவர் எழுதிய கட்டுரைகள், தங்கள் ஊரிலேயே சில நூறு பேர் மட்டும் அறிந்திருந்த குழுக்களை இங்கிலாந்து முழுவதும் பேசவைத்தன. அந்தக் குழுக்களில் நிர்வாணாவும் ஒன்று.

பயணச் செலவை ஏற்பது அந்நாளைய இசைப் பத்திரிகை உலகில் சாதாரண வழக்கம். பெரிய நிறுவனங்கள் இதைவிடப் பன்மடங்கு செலவிட்டன. வழக்கம் என்பதால் அது சரியாகிவிடாது. செலவை ஏற்றவர் யார் என்பதை வாசகருக்குச் சொல்ல வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் காசு கொடுத்துப் பாடலை ஒலிபரப்பச் செய்வதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. விமானச் சீட்டு எழுத்தாளரை அரங்கு வரைக்கும் கொண்டுபோகும். அங்கே கேட்டது பிடிக்கவில்லை என்றால் அவர் அப்படியே எழுதலாம்.

சப் பாபின் சாமர்த்தியம் விமானச் சீட்டில் மட்டும் இல்லை. ஒரு குழுவை விற்க முயலாமல் ஒரு ஊரையே கதையாக்கினார்கள். சார்லஸ் பீட்டர்சன் எடுத்த, கூந்தலும் வியர்வையும் கலங்கித் தெரியும் கறுப்பு வெள்ளைப் படங்களை உறைக்கு உறை பயன்படுத்தியதால், வெவ்வேறு குழுக்கள் ஒரே குடும்பம்போல் தோன்றின. பத்திரிகை ஆசிரியருக்கு ஐந்து குழுக்களைப் பற்றிய ஐந்து செய்திகளைவிட, ஒரு நகரத்தைப் பற்றிய ஒரு கட்டுரை எளிதாகப் புரியும். பேவிட் இதழாளராகத் தொடங்கியவர் என்பதும் மறக்கத் தக்கதல்ல: 1980 முதலே சிற்றூர்களின் சுயாதீன இசையைப் பற்றி அவர் நடத்திய கையடக்கச் சிற்றிதழிலிருந்துதான் லேபிளின் பெயரே வந்தது. இருவருமே வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் கேசிஎம்யூ வானொலியில் நிகழ்ச்சி நடத்தியவர்கள். ஆக, பத்திரிகைக்காரனும் அறிவிப்பாளனும் எதைத் தேடுவார்கள் என்பது அவர்களுக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது. அந்தப் பல்கலைக்கழக வானொலி இன்று கேஇஎக்ஸ்பி என்ற பெயரில் உலகறிந்ததாகிவிட்டது.

கேள்வி: வானொலியில் ஒலித்தால் கலைஞருக்குப் பணம் வருமா?
வாசகர், நாகர்கோவில்.

பதில்: நாட்டைப் பொறுத்தது. இங்கிலாந்தில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ஒரு சங்கமும், தட்டை வெளியிட்ட லேபிளுக்கும் அதில் பாடி வாசித்தவர்களுக்கும் 1934-இல் தொடங்கப்பட்ட பிபிஎல் என்ற மற்றொரு சங்கமும் வசூலித்துத் தருகின்றன. அமெரிக்காவின் சாதாரண வானொலியில் பாடலை எழுதியவருக்கு மட்டும்தான் தொகை. பாடியவருக்கும் லேபிளுக்கும் ஒன்றுமில்லை. ஒலிபரப்பே விளம்பரம்தானே என்பது நிலைய உரிமையாளர்களின் நெடுங்கால வாதம். இணைய வானொலிக்கும் செயற்கைக்கோள் வானொலிக்கும் அங்கே வேறு விதி: வசூலில் பாதி உரிமையாளரான லேபிளுக்கு, 45 விழுக்காடு முதன்மைக் கலைஞருக்கு, எஞ்சிய 5 விழுக்காடு பின்னணி இசைத்தவர்களுக்கு. தொகை சேர வேண்டுமானால் பதிவை முறையாகச் சங்கத்தில் பதிந்து, ஒவ்வொரு பாடலுக்கும் உரிய பன்னிரண்டு எழுத்து அடையாளக் குறியீட்டைப் பெற்றிருக்க வேண்டும். சிறு லேபிள்கள் பல, பாடல் ஒலித்த மகிழ்ச்சியில் இந்தப் படிவத்தை நிரப்ப மறந்துவிடுகின்றன.

கேள்வி: எம்.ஐ.ஏ. என்ற மாயா அருள்பிரகாசம் நம் தமிழ்ப் பெண். அவர் பெரிய நிறுவனத்தின் தயவில்தானே புகழ்பெற்றார்? இன்னொன்று: ஜான் பீலைப் போன்றவர் தமிழ் வானொலியில் இருந்ததுண்டா?
வாசகர், யாழ்ப்பாணம்.

பதில்: தொடக்கம் அப்படியல்ல. 2003-இல் ஷோபிஸ் என்ற மிகச் சிறிய லேபிள் அவருடைய முதல் தட்டை வெறும் 500 பிரதிகள் அச்சிட்டது. அவை நடன அரங்கங்களில் தட்டுச் சுழற்றும் டிஜேக்கள் கைக்கும் கல்லூரி வானொலிகளுக்கும் போயின. இணையத்தில் கோப்புப் பரிமாற்றம் வழியாகவும் பரவின. அடுத்த ஆண்டு அவரை ஒப்பந்தம் செய்த எக்ஸ்எல் நிறுவனமும் இங்கிலாந்தின் சுயாதீன லேபிள்தான். 2005-இல் தந்தையின் இயக்கப் பெயரையே தலைப்பாகச் சூட்டிய முதல் ஆல்பம் வெளிவந்து, சிறந்த ஆல்பத்துக்கு இங்கிலாந்தில் வழங்கப்படும் மெர்குரி பரிசுக்கு அவ்வாண்டு பரிந்துரைக்கப்பட்டது. ஈழப் போரிலிருந்து அகதியாக லண்டன் சேர்ந்த பெண் என்ற வாழ்க்கைக்கதையைப் பத்திரிகைகள் இறுகப் பற்றிக்கொண்டன. அதனால் பக்கங்கள் கிடைத்தன. இசையைப் பற்றிய பேச்சு சில நேரம் பின்னுக்குப் போனது. பத்திரிகை வெளிச்சத்தின் இந்தக் கூலியையும் கலைஞர்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது.

உங்கள் இரண்டாம் கேள்விக்கு உங்கள் நாட்டிலிருந்தே பதில் சொல்லலாம். 1970-களில் இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை, திரைப்பாடல்களோடு ஈழத்துப் பொப்பிசைக்கும் இடம் தந்தது, ஏ.ஈ. மனோகரனைத் தமிழகம் சிலோன் மனோகராக அறிந்ததில் அந்த அலைவரிசைக்குப் பங்குண்டு. தமிழகத்தின் தனியார் பண்பலை நிலையங்களோ, பிறந்த நாள் முதல் திரைப்பாடலையே நம்பி வாழ்கின்றன. அங்கே திரையிசை அல்லாத பாடல் ஒன்று, முதலில் வேறெங்கோ புகழ்பெற்ற பிறகே ஒலிக்கிறது.

கேள்வி: என் மகன் இங்கே ஒரு சிறிய லேபிளில் தமிழும் ஆங்கிலமும் கலந்த பாடல்களை வெளியிட இருக்கிறான். வானொலியிலும் பத்திரிகையிலும் வர என்ன செய்ய வேண்டும் என்று ஐயா சொல்ல வேண்டும்.
வாசகி, ஹாரோ, லண்டன்.

பதில்: வாழ்த்துகள் அம்மா. நீங்கள் இருக்கும் நாட்டில் ஒரு வசதி உண்டு. பிபிசி 2007 முதல் 'இன்ட்ரொடியூசிங்' என்ற பெயரில், லேபிளோ பிளக்கரோ இல்லாத கலைஞர்களும் நேரடியாகப் பாடலை ஏற்றி அனுப்பும் வழியை வைத்திருக்கிறது. அனுப்பிய பாடலை அந்தப் பகுதியின் உள்ளூர் நிலையத்தார் கேட்கிறார்கள். பிடித்தால் தங்கள் நிகழ்ச்சியில் ஒலிபரப்பி, தேசிய நிலையங்களுக்கும் பரிந்துரைக்கிறார்கள். உங்கள் மகனுக்குப் பிபிசியின் தெற்காசிய நேயர்களுக்கான ஏசியன் நெட்வொர்க் நிலையமும் பொருந்தும், மாற்று இசைக்கான சிக்ஸ் மியூசிக் நிலையமும் பொருந்தும். சிக்ஸ் மியூசிக்கை 2010-இல் பிபிசி மூடப்பார்த்தபோது நேயர்கள் கிளர்ந்தெழுந்து காப்பாற்றினார்கள். அப்படிப்பட்ட நேயர்கள் புதிய பெயரைக் கேட்கத் தயாராக இருப்பவர்கள்.

தமிழ்ப் பாடல் என்பதால் ஏசியன் நெட்வொர்க்குக்கு மட்டும் அனுப்புமாறு சிலர் சொல்லக்கூடும். அதை ஏற்க வேண்டாம். முதலில் மகனை ஒரு வாரம் வானொலி கேட்கச் சொல்லுங்கள். தம் பாடலுக்குப் பக்கத்தில் உட்காரக்கூடிய பாடல்களை எந்த நிகழ்ச்சி, யாருடைய தேர்வில் ஒலிபரப்புகிறது என்று குறித்துக்கொண்டு, அந்த ஐந்தாறு பேருக்கு மட்டும் தனித்தனியாக எழுதட்டும். அச்சடித்த ஒரே கடிதத்தை முந்நூறு பேருக்கு அனுப்புவதைவிட அது பலன் தரும். ஒரே ஒரு பாடலைத் தேர்ந்தெடுத்து அனுப்பட்டும். தமிழ் வரிகளின் பொருளை இரண்டு வரியில் ஆங்கிலத்தில் எழுதி வைப்பது நல்லது. அறிவிப்பாளர் பாடலுக்கு முன் ஏதாவது சொல்ல வேண்டுமே. மகன் பெயரையும் பாடலின் பெயரையும் எப்படி உச்சரிப்பது என்றும் எழுதுங்கள். உச்சரிப்பில் தடுமாறுவோமோ என்று அஞ்சியே தவிர்த்துவிடும் அறிவிப்பாளர்கள் இருக்கிறார்கள்.

பத்திரிகைக்கு முதலில் உங்கள் பகுதி இதழையும், அவர் பாடும் அரங்குகளுக்கு வழக்கமாக வரும் இளம் எழுத்தாளர்களையும் நாடலாம். இன்று சிற்றிதழில் எழுதுபவர் நாளை பெரிய இடத்தில் இருப்பார். அச்சில் வந்துகொண்டிருந்த பழைய இசை வார இதழ்கள் இன்று இல்லை: 'சவுண்ட்ஸ்' 1991-இல் நின்றது, 'மெலடி மேக்கர்' 2000-இல் 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்' இதழுடன் இணைக்கப்பட்டது, அதுவும் 2018-இல் வார அச்சுப் பதிப்பை நிறுத்திவிட்டது. மாத இதழ்கள் சில இருக்கின்றன. அவற்றுக்கு மூன்று மாதம் முன்னதாக அனுப்ப வேண்டும் என்பதை மதுரை வாசகிக்குச் சொன்ன பதிலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளியீட்டு நாளை இன்னும் முடிவு செய்யவில்லை என்றால் நவம்பர், டிசம்பரைத் தவிர்க்கச் சொல்லுங்கள். அப்போது எல்லா நிலையங்களிலும் கிறிஸ்துமஸ் பாடல்களும் ஆண்டின் சிறந்த பட்டியல்களும் இடத்தை அடைத்துக்கொள்ளும். ஜனவரியில் பெரிய நிறுவனங்களின் வெளியீடு குறைவு. தயாரிப்பாளர்களின் மேசையில் கொஞ்சம் இடம் இருக்கும்.